நிழல் பக்கம் மாறும் மாதம்



போன வாரம் படிவம் நான்கு வகுப்பில் பாடம் முடிந்ததும் ஒரு மாணவி கேட்டாள்: “டீச்சர், கொரியாவில் இனிமேல் இலையெல்லாம் மஞ்சளாகும், சிவப்பாகும். நமக்கு மட்டும் ஏன் வருஷம் முழுக்க ஒரே வெயில்? ரசிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லையே!” வகுப்பில் பாதிப் பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

அவள் சொன்னதில் பாதி உண்மை. ஜொகூரில் இலையுதிர் காலம் இல்லை. ஆனால் ‘ஒரே மாதிரி’ என்பது சரியில்லை. செப்டம்பரிலிருந்து நவம்பருக்குள் நம் ஊரும் மாறுகிறது. அந்த மாற்றம் சிறியது என்பதால் கண்ணில் சட்டென்று படுவதில்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரு கம்பு, ஒரு கடிகாரம், ஒரு மூக்கு போதும். மூன்றையும் எப்படிப் பயன்படுத்துவது என்று இந்த வாரம் பார்ப்போம்.

நமக்கு ஏன் இலையுதிர் காலம் இல்லை?

பூமியின் அச்சு ஏறக்குறைய 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால்தான் பருவங்கள் உண்டாகின்றன என்று படித்திருப்பீர்கள். அந்தச் சாய்வின் விளைவு எல்லா ஊருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. வடக்கே 51.5 பாகையில் இருக்கும் லண்டனில் ஜூன் மாதத்தில் பகல் பதினாறரை மணி நேரத்துக்கும் மேல் நீளும். டிசம்பரில் எட்டு மணி நேரத்துக்கும் கீழே இறங்கிவிடும். ஜொகூர் பாரு இருப்பதோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே வெறும் 1.5 பாகையில். இங்கு ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய 10 நிமிடம்தான்.

பகல் சுருங்குவதும் குளிர் கூடுவதும்தான் வட நாட்டு மரங்களுக்கு எச்சரிக்கை மணி. உடனே அவை இலையிலுள்ள பச்சையத்தைச் சிதைத்து, அதிலிருக்கும் நைட்ரஜனைத் தண்டுக்குள் சேமித்துக்கொண்டு இலையை உதிர்க்கின்றன. நம் மரங்களுக்கு அந்த மணி அடிப்பதே இல்லை.

அதற்காக நம் ஊரில் இலையே உதிர்வதில்லை என்று நினைக்காதீர்கள். ரப்பர் மரங்கள் மழை குறையும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இலையைக் கொட்டும். தோட்டத்தில் வளர்ந்த தாத்தா, பாட்டியிடம் கேட்டால் சருகு மிதித்து நடந்த கதையைச் சொல்வார்கள். பள்ளித் திடல் ஓரத்தில் கெத்தாப்பாங் மரம் இருந்தால், அதன் இலை செக்கச்செவேலென்று சிவந்து விழுவதைப் பார்க்கலாம். அந்தச் சிவப்புக்கும் வட நாட்டு மேப்பிள் மரத்தின் சிவப்புக்கும் காரணம் ஒரே வகை நிறமிதான்: ஆந்தோசயனின்.

தமிழ் இலக்கியம் படிப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தார்கள். ஆறில் ஒன்றுக்குக்கூட இலையுதிர்வை வைத்துப் பெயர் வைக்கவில்லை. மழை, குளிர், பனி, வெயில் என்று உடலில் படுவதை வைத்தே காலத்தை அறிந்தார்கள். நாமும் அதே வழியில் போவோம்.

கம்பு: நிழல் இடம் மாறுகிறது

ஒரு மீட்டர் நீளக் கம்பைத் திடலில் செங்குத்தாக நட்டு வையுங்கள். ஜூன் மாதக் கடைசியில் சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில் கம்பின் நிழல் தெற்கு நோக்கி ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் நீண்டிருக்கும். டிசம்பர் மாதக் கடைசியில் அதே கம்பின் நிழல் வடக்கு நோக்கி ஏறக்குறைய 46 சென்டிமீட்டர் நீளும். அப்படியானால் நடுவில் ஒரு நாள் நிழல் தெற்கிலிருந்து வடக்குக்குக் கடக்க வேண்டும் அல்லவா?

ஜொகூர் பாருவில் அந்த நாள் செப்டம்பர் 19ஐ ஒட்டி வருகிறது. அன்று உச்சி நேரத்தில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். கம்பின் நிழல் கம்புக்குள்ளேயே மறைந்துவிடும். கொஞ்சம் வடக்கே உள்ள குளுவாங்கிலும் சிகாமட்டிலும் இது சற்று முன்பே நடக்கும். கொரியாவில் எந்த ஊரிலும், எந்த நாளிலும் இதைப் பார்க்க முடியாது. நேர் உச்சிச் சூரியன் கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடைப்பட்ட ஊர்களுக்கு மட்டுமே கிடைக்கும் காட்சி.

உச்சி நேரம் என்றவுடன் 12 மணிக்குப் போய் நிற்காதீர்கள். நம் கடிகாரம் கிழக்கு 120 பாகைத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1ஆம் தேதி கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்துக்கொண்டதிலிருந்து இந்த நிலை. ஜொகூர் பாரு அந்த ரேகைக்கு ஏறக்குறைய 16 பாகை மேற்கே இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்குப் போட்டால், சூரியன் ஒரு மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலாகத் தாமதித்து வரும். வேறொரு சிறு திருத்தத்தையும் சேர்த்தால் செப்டம்பர் 19இல் உச்சி நேரம் ஏறக்குறைய பிற்பகல் 1 மணி.

கடிகாரம்: அந்தி முந்திக்கொள்கிறது

அந்தச் ‘சிறு திருத்தம்’ என்ன தெரியுமா? பூமி சூரியனை வட்டப் பாதையில் சுற்றுவதில்லை. நீள்வட்டப் பாதையில் சுற்றுகிறது. ஜனவரியில் சூரியனுக்கு அருகில் வேகமாகவும் ஜூலையில் தொலைவில் மெதுவாகவும் ஓடுகிறது. அச்சின் சாய்வும் இதோடு சேர்ந்துகொள்வதால் சூரியனின் உச்சி நேரம் ஆண்டு முழுவதும் முன்னும் பின்னும் ஆடுகிறது. பிப்ரவரி நடுவில் சூரியன் மிகவும் தாமதம். நவம்பர் தொடக்கத்தில் மிகவும் முந்திக்கொள்ளும். இரண்டுக்கும் இடையே அரை மணி நேர வேறுபாடு.

லண்டன்காரர்களுக்குப் பகலின் நீளமே பெரிய அளவில் மாறுவதால் இந்த அரை மணி நேர ஆட்டம் அதற்குள் கரைந்துபோகிறது. பகல் நீளம் மாறாத நமக்கோ இதுதான் பளிச்சென்று தெரிய வேண்டிய மாற்றம். பிப்ரவரியில் காலை 7.15க்கும் சூரியன் எழுந்திருக்காது. பள்ளிப் பேருந்துக்கு இருட்டில் நிற்போம். நவம்பர் தொடக்கத்தில் 6.50க்கு முன்பே சூரியன் வந்துவிடும். மாலையிலும் அப்படியே. ஜூலையில் ஏழே கால் வரை வெளிச்சம் இருந்த திடலில், நவம்பர் தொடக்கத்தில் 6.50க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும்.

மாலையில் பந்து விளையாடுகிறவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். “இப்பல்லாம் சீக்கிரம் இருட்டுது” என்று அம்மா சொன்னால், அது மனப்பிரமை இல்லை.

நம் ஊருக்கு வட நாட்டு இலையுதிர் காலம் வந்து சேரும் வழி ஒன்றும் உண்டு. அது பறக்கும் வழி. அங்கே குளிர் தொடங்கி, பூச்சிகள் குறையக் குறைய, ஆசியாவின் வடபகுதியிலிருந்து தகைவிலான் குருவிகள் தெற்கே புறப்படுகின்றன. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அந்தி நேரத்தில் நம் நகரங்களின் மின்கம்பிகளில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பிளவுபட்ட வால் கொண்ட சிறு பறவைகள் அவைதான். கீழே காரை நிறுத்தியவர்கள் திட்டுவார்கள். நீங்கள் ஒரு நிமிடம் அண்ணாந்து பாருங்கள்.

மூக்கு: மழைக்கு முன்னே வரும் செய்தி

மே மாதக் கடைசியிலிருந்து வீசிய தென்மேற்குப் பருவக்காற்று செப்டம்பரில் ஓயத் தொடங்குகிறது. நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று வரும் வரை இடையில் காற்று பலவீனமாக, திசை மாறி மாறி வீசும். காலை வெயிலில் நிலம் சூடேறும், ஈரக்காற்று மேலெழும்பும், மதியத்துக்குள் மேகம் கோபுரமாக அடுக்கிக்கொள்ளும், பள்ளி விடும் நேரத்துக்கு இடியோடு மழை கொட்டும். பருவமாற்றக் காலத்தின் வழக்கமான நாள் இது.

அந்த மழைக்குச் சில நிமிடங்கள் முன்பு ஒரு குளிர்ந்த காற்று வருமே, அது எங்கிருந்து வருகிறது? மேகத்திலிருந்து விழும் துளிகளில் ஒரு பகுதி, கீழே உள்ள காற்றில் ஆவியாகிவிடுகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் சுற்றியிருக்கும் காற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. குளிர்ந்த காற்று அடர்த்தி கூடிக் கீழே இறங்கும். தரையில் மோதி நாலாபக்கமும் பரவும். மழை இன்னும் பக்கத்துத் தாமானில் இருக்கும்போதே காற்று நம் வாசலுக்கு வந்துவிடுகிறது. வரும்போது மண் வாசனையையும் கொண்டுவருகிறது.

மண் வாசனையை ஆராய்ந்து அதற்கு அறிவியல் பெயர் சூட்டியவர்கள் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளான இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும். 1964ஆம் ஆண்டு ‘நேச்சர்’ ஆய்விதழில் வெளிவந்த கட்டுரையில் ‘பெட்ரிகோர்’ என்ற சொல்லை உருவாக்கினார்கள். வறண்ட நாட்களில் தாவரங்களிலிருந்து வரும் எண்ணெய்ப் பொருள்கள் மண்ணிலும் கல்லிலும் படிகின்றன. மழைத்துளி பட்டதும் அவை வெளியேறுகின்றன. இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் உள்ள கன்னோஜ் நகரத்தார் இதைக் காலங்காலமாக அறிந்தவர்கள். சுட்ட களிமண்ணை வடித்து, அந்த மணத்தைச் சந்தன எண்ணெயில் பிடித்து அத்தராக விற்கிறார்கள்.

மண் வாசனையின் இன்னொரு பங்காளி ஜியோஸ்மின். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாக்கள் இதை உற்பத்தி செய்கின்றன. ஒரு லட்சம் கோடிப் பங்கில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு இதைக் கண்டுகொள்ளும். 2015இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் படம் எடுத்துப் பார்த்தார்கள். துளி மண்ணில் மோதும்போது அடியில் சிறு காற்றுக்குமிழ்கள் சிக்கிக்கொள்கின்றன. அவை துளிக்குள் மேலேறி, சோடாவில் குமிழ் வெடிப்பதுபோல் வெடித்து, நுண்ணிய திவலைகளைக் காற்றில் தூவுகின்றன. பெருமழையைவிட மிதமான, மெல்லிய மழையில்தான் இது அதிகம் நடக்கிறது. முதல் சில துளிகளில் வாசம் தூக்கலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான் இழந்த வாசனை

இவ்வளவும் பாடமாக எனக்கு முன்பே தெரியும். ஆனால் 2021 செப்டம்பரில்தான் இதன் அருமை புரிந்தது.

அப்போது பள்ளிகள் மூடியிருந்தன; இயங்கலையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கோவிட் வந்து காய்ச்சல் தணிந்த ஐந்தாறு நாளில் ஒரு மாலை நல்ல மழை. வாசலில் உட்கார்ந்திருந்த அம்மா, “வாசம் தூக்குது பாரு” என்றார். நான் மூச்சை இழுத்தேன். ஒன்றுமே இல்லை. காற்று குளிர்ந்தது, துளி தெறித்தது, சத்தம் கேட்டது. மழை மட்டும் பாதிதான் வந்திருந்தது.

சமையலறைக்குப் போய் பெருங்காய டப்பாவைத் திறந்தேன். அதுவும் இல்லை. அப்போதுதான் பயம் வந்தது.

பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். மணத்தை உணரும் நரம்புச் செல்களைவிட, அவற்றைச் சுற்றித் தாங்கி நிற்கும் துணைச் செல்களையே இந்தக் கிருமி முதன்மையாகத் தாக்குகிறது என்று 2020இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. மூக்கின் நரம்புச் செல்களுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு: அவை புதிதாக உருவாகக்கூடியவை. மருத்துவர் ஒரு பயிற்சி சொன்னார். ஜெர்மனியில் தாமஸ் ஹம்மல் என்ற பேராசிரியரின் குழு 2009இல் வெளியிட்ட முறை அது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்ற நான்கு மணங்களைக் காலையும் மாலையும் பன்னிரண்டு வாரம் முகர வேண்டும். வெறுமனே முகர்ந்தால் போதாது. அந்த மணம் எப்படி இருக்கும் என்று நினைவுபடுத்திக்கொண்டே முகர வேண்டும்.

அம்மா நான்கு சிறிய போத்தல்களைத் தயார் செய்து தந்தார். கிராம்புப் போத்தலைக் கையில் கொடுத்து, “பிரியாணி செய்யற அன்னிக்கு வீடு எப்படி இருக்கும்? அதை நெனச்சுக்கோ” என்பார். ஏழாவது வாரம் கிராம்பு லேசாக எட்டிப் பார்த்தது.

ஒரு நாள் கேட்டேன்: “மழை வாசம்னா உங்களுக்கு அவ்வளவு பிடிக்குமாம்மா?”

அவர் சிரித்தார். “அப்போ எங்க பிடிச்சுது? பயம்தான்.”

அம்மா கூலாய் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். ரப்பர் மரத்தில் விடியலுக்கு முன்பே வெட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. வெயில் ஏறினால் இலைகள் நீரை ஆவியாக விடத் தொடங்கும். மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் குறையும். பால் குறைவாக வடியும். அதனால் இருட்டிலேயே பெரட்டுக்குப் போய், தலைவிளக்கோடு மரத்துக்கு மரம் நடப்பார்கள். ஆனால் இரவில் மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால் பால் கோட்டில் ஓடாமல் மரமெல்லாம் வழியும். மங்கில் மழைநீர் நிறையும். அன்று வெட்டு இல்லை, வருமானமும் இல்லை. நடு இரவில் அந்த வாசம் வந்தால், விடிந்ததும் கடைக்கணக்கை எப்படிச் சமாளிப்பது என்ற கவலைதான் முதலில் வருமாம். “இப்பதான் நிம்மதியா மோந்து பாக்குறேன்” என்றார்.

மூலக்கூறு ஒன்றுதான். மூக்கும் ஒன்றுதான். அன்று அது கவலை, இன்று இன்பம். சிறிய இன்பங்களை ரசிக்க முடிவதே பலருக்கு உழைத்துக் கிடைத்த வசதி என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அடுத்த பிப்ரவரியில், இரண்டு வார வறட்சிக்குப் பிறகு ஒரு மழை பெய்தது. துணி எடுக்க ஓடியவள் கொடிக்கடியில் அப்படியே நின்றுவிட்டேன். வந்துவிட்டது. துணியெல்லாம் நனைந்ததற்கு அம்மா அன்று திட்டவில்லை.

புலன்கள் ஏன் மறக்கின்றன?

இழக்கும் வரை நான் ஏன் கவனிக்கவில்லை? என் தவறு மட்டுமில்லை. புலன்கள் அப்படி அமைந்திருக்கின்றன. மாறாமல் தொடரும் தூண்டலுக்கு நரம்புகள் பதிலளிப்பதைக் குறைத்துக்கொள்ளும். முறுக்குச் சுடும் வீட்டுக்குள் நுழைந்ததும் மூக்கைத் துளைக்கும் மணம், பத்து நிமிடத்தில் காணாமல் போவது இதனால்தான். மணம் போகவில்லை, மூளை அதைப் ‘பழைய செய்தி’ என்று ஒதுக்கிவிட்டது. ஆபத்தோ உணவோ புதிதாக வந்தால் உடனே தெரிய வேண்டும் என்பதற்காக அமைந்த நல்ல ஏற்பாடு இது. ஆனால் இதே ஏற்பாடு, தினமும் கிடைக்கும் நல்லவற்றையும் மறைத்துவிடுகிறது.

இதற்கு மாற்று, கவனத்தை நாமே திருப்புவது. ஃபிரெட் பிரையன்ட், ஜோசஃப் வெராஃப் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2007இல் ‘ரசித்தல்’ பற்றியே ஒரு நூல் எழுதினார்கள். இன்பம் வருவது வேறு, வந்த இன்பத்தை ரசிப்பது வேறு; ரசித்தல் ஒரு திறன் என்பது அவர்கள் கருத்து. அந்தத் திறன் மூன்று காலத்திலும் இயங்கும்: வரப்போவதை எதிர்பார்த்தல், நடப்பதில் ஊன்றுதல், நடந்ததை நினைத்துப் பார்த்தல். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே பலகாரத்தைப் பற்றிப் பேசுவதும், முடிந்த பிறகு டப்பாவின் அடியில் கிடக்கும் கடைசி முறுக்கைப் பங்கு போடுவதும் இதில் அடக்கம்.

ரசிப்பது என்றால் கெட்டதைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்வது அல்ல. 2015, 2019 ஆகிய ஆண்டுகளின் செப்டம்பரில் புகைமூட்டத்தால் நம் நாட்டில் பல பள்ளிகள் மூடப்பட்டன. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் ஏற்பட்ட வெள்ளத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. கோத்தா திங்கி மக்களைக் கேட்டால் சொல்வார்கள். காற்றையும் மழையையும் தினமும் கவனிக்கிறவருக்கு, அது எப்போது வழக்கம் மீறுகிறது என்பதும் முதலில் தெரியும். ரசனையும் எச்சரிக்கையும் ஒரே கவனத்தின் இரண்டு பயன்கள்.

செய்து பாருங்கள்

1. நிழல் தேடுங்கள். செப்டம்பர் 17 முதல் 21 வரை, பிற்பகல் 12.50 முதல் 1.10 வரை, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை செங்குத்தான கம்பின் நிழல் நுனியைச் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். எந்த நாளில் நிழல் மிகச் சிறியதாகிறது? சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது.

2. பீட்ரூட்டை முகருங்கள். புதிதாக வெட்டிய பீட்ரூட்டில் ஜியோஸ்மின் இருக்கிறது. கண்ணை மூடி முகர்ந்துவிட்டு, அடுத்த மழையின்போது ஒப்பிடுங்கள்.

3. மூன்று வரிக் குறிப்பேடு. ஏழு நாட்களுக்கு, தினமும் ஒரு நிறம், ஒரு மணம், ஒரு தொடுவுணர்வு என்று மூன்று வரி எழுதுங்கள். நேரத்தையும் குறியுங்கள். ‘நன்றாக இருந்தது’ என்று எழுதக்கூடாது. எது, எப்படி இருந்தது என்று எழுத வேண்டும்.

கவனம்: இடி கேட்டால் உடனே கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே திடலுக்கு வாருங்கள். மழை வாசம் சன்னல் வழியாகவும் வரும்.

சிந்தியுங்கள்

• மார்ச் மாதத்திலும் ஜொகூர் பாருவில் நிழலில்லா நாள் ஒன்று வரும். எந்தத் தேதியை ஒட்டி வரும்? ஏன்?

• நேற்றும் மழை பெய்து, இன்றும் மழை பெய்தால் மண் வாசனை குறைவாக இருக்கிறது. காரணம் என்ன?

• உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: “மழை வரும் என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள்?” அவர்கள் சொல்லும் அடையாளத்துக்கு அறிவியல் விளக்கம் தேடுங்கள்.

கேள்வி கேட்ட அந்த மாணவிக்கு நான் இன்னும் முழுப் பதில் சொல்லவில்லை. 19ஆம் தேதி அவளைக் கம்போடு திடலுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.